தம்பித்துரை மாஸ்டரின் சிவப்புப் புள்ளி

மனிதகுலத்தின் வரலாறு என்பது, பெரிய ஓட்டையால் பார்த்தவர்கள் சின்ன ஓட்டையால் பார்த்தவர்களை வென்ற வரலாறுதான். இதைச் சொன்னவர் தம்பித்துரை மாஸ்டர். சொன்ன இடம் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் தள்ளி, காட்டோரக் கிராமம் ஒன்றின் துப்பாக்கி சுடும் சங்கத்தின் கூட்ட அறை. கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது.

"பெரிய தொலைநோக்கி வைச்சிருந்தவன் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சான்," என்றார் மாஸ்டர். "சாவித்துவாரத்தால பார்த்தவன் என்னத்தைக் கண்டுபிடிச்சவன், சொல்லும் பாப்பம்? பக்கத்து வீட்டுச் சண்டையை."

"அங்கிள், டெக்னிக்கலா பாத்தா விண்டோ சைஸுக்கும் ஆக்யுரசிக்கும் சம்பந்தமே இல்ல," என்றான் சந்திரமௌலி.

"அங்கிள் எண்டாதையும். மாஸ்டர் எண்டு சொல்லும். அது காணும்."

மாஸ்டர் என்பது பட்டமல்ல, தொழில். டார்ம்ஸ்டாட்டில் சொந்தமாகக் கார் ஓட்டும் பள்ளி வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் தமிழர் எவராவது வட்டச்சந்தியில் தயங்காமல் திரும்பினால் அவர் மாஸ்டரிடம் படித்தவர் என்று அர்த்தம். தயங்கினாலும் அப்படித்தான். சந்திரமௌலி திருச்சிக்காரன். டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் லென்சுகளை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஜெர்மன்காரர்களோடு பழகினால் மொழி வரும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சங்கத்தில் சேர்ந்தவன். சேர்ந்த பிறகு அவனுக்கு வந்தது யாழ்ப்பாணத் தமிழ்தான்.

மூன்றாமவர் ஹில்டெகார்ட் அம்மையார். எழுபத்திரண்டு வயது. இளமையில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். மூக்கில் தடித்த கண்ணாடி, கையில் கூட்டக் குறிப்பு எழுதும் பேனா. இவர்கள் மூவரும் சேர்ந்ததுதான் குறிபார்க்கும் கருவித் தேர்வுக் குழு. ஜெர்மனியில் மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது குழு. இரண்டு பேர் உட்கார்ந்தால் அது துணைக்குழு.

குழு உருவான கதை இதுதான். சங்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் உயரமான கம்பத்தின் உச்சியில் மரக்கழுகு ஒன்றை ஆணியடித்து நிறுத்துவார்கள். பின்னால் குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி. அங்கத்தவர்கள் வரிசையாக ஆளுக்கொரு குண்டு சுடுவார்கள். தலை, சிறகு, வால் என்று கழுகு துண்டு துண்டாக விழும். கடைசித் துண்டை யார் விழுத்துகிறாரோ அவர் அந்த வருடத்து ராஜா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஊர். போன வருடம் கடைசித் துண்டு மாலைவரை அசையவில்லை. அங்கத்தவர்களின் சராசரி வயது அறுபத்தாறு ஆகிவிட்டதால் கண் தெரியவில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது. உண்மைக் காரணம் வேறு. அதை அங்கே எல்லோரும் அறிவார்கள், எவரும் சொல்லமாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த சந்திரமௌலி அறியமாட்டான். மாஸ்டரும் அறியமாட்டார், ஏனென்றால் அவர் எதையும் யாரிடமும் கேட்பதில்லை.

ஆகவே, துப்பாக்கிகளுக்கு ரெட் டாட் வாங்குவதென்று தீர்மானம். துப்பாக்கியின் முதுகில் ஏற்றும் கண்ணாடிக் கருவி அது. உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை இலக்கின்மேல் வைத்துவிட்டு விசையை அழுத்தவேண்டியதுதான். அதில் இரண்டு வகை. சின்னது தீப்பெட்டி அளவு. கனமில்லை, ஆனால் கண்ணை வைத்துப் புள்ளியைத் தேடிப் பிடிக்கவேண்டும். பெரியது உள்ளங்கை நீளக் குழாய். கனம், ஆனால் பார்வைக்கு அகலம். சந்திரமௌலி சின்னதின் பக்கம். மாஸ்டர் பெரியதின் பக்கம். ஹில்டெகார்ட் அம்மையார் கூட்டம் சீக்கிரம் முடிவதன் பக்கம்.

மாஸ்டரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இருபது வருடமாக அவர் அங்கத்தவர். இருபது வருடமாகச் சங்கத்துக்கு அவர் யாரென்றால், கோடைவிழாவுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவருபவர். அவருடைய மனைவி சுந்தரேஸ்வரி சுட்ட ரோல்ஸின் பெயரை ஊர் மேயர் உட்பட எல்லோரும் சரியாக உச்சரித்தார்கள். கொண்டுவந்தவரின் பெயரை உச்சரிக்க முடியாமல் பாதியில் வெட்டி 'ஹெர் தம்பி' ஆக்கியிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனைத் திரு. தம்பி என்று கூப்பிட்டால் அவனுக்கு என்ன ஆசை வரும்? ராஜாவாக வேண்டும் என்ற ஆசை வரும். அந்த வெள்ளிச் சங்கிலியை ஒரே ஒரு தடவை கழுத்தில் போட்டுக்கொண்டு பேண்டுக்குப் பின்னால் நடக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் நடப்பது உறுதி என்று பிள்ளையார் கோயிலில் அறிவித்துவிட்டார். பிராங்பேர்ட்டில் நாதஸ்வரக் கோஷ்டிக்கு நாளும் சொல்லிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் காணொளியில் பார்ப்பதாக வாக்களித்திருந்தார்.

"துவக்குச் சத்தத்துக்கு நாட்டை விட்டு ஓடிவந்த மனிசன்," என்பார் சுந்தரேஸ்வரி, ரோல்ஸுக்கு மாப் பிசைந்தபடி, "இஞ்ச வந்து துவக்குக்குச் சந்தா கட்டுறார்."

முதலில் மாதிரிக்கு வந்தது சின்னது. கூட்ட அறை யன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைக் குறிபார்த்து மூவரும் மாறி மாறி உள்ளே பார்த்தார்கள்.

"பெர்ஃபெக்ட் ரவுண்ட்," என்றான் சந்திரமௌலி.

"வட்டம்," என்று எழுதினார் ஹில்டெகார்ட் அம்மையார்.

மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணால் பார்த்தார். கருவியைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது புள்ளியல்ல. நாலு பக்கமும் இதழ் விரித்த ஏதோ ஒன்று.

"இதுவோ புள்ளி? சில்லு ஏறின தக்காளிப்பழம். நான் அப்பவே சொன்னன், சின்னச் சாமான் சின்ன வேலைதான் செய்யும். பொடியனுக்கு விளையாடக் குடுக்கலாம்."

"எங்க ரெண்டு பேருக்கும் ரவுண்டாதானே தெரியுது, அங்கி... மாஸ்டர்."

"அவவுக்குக் கண்ணாடியோட நாலு கண். உமக்குப் படிச்ச கண். உண்மையைச் சொல்லுறது வெறுங்கண்தான்."

கண்ணாடி போட்டவர்களைப் பற்றி மாஸ்டருக்கு நிலையான கொள்கை ஒன்று இருந்தது. பள்ளியில் முதல் வகுப்பே அதுதான். காருக்குள்ளே ஒரு கண்ணாடி, வெளியே இரண்டு. நாலாவதை மூக்கில் மாட்டிக்கொண்டு வருபவன், யன்னலுக்குள்ளால் யன்னலைப் பார்ப்பவன். "வீட்டுக்குள்ள நிண்டு ரோட்டைப் பார்க்கிறவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?" இதைக் கேட்டுச் சிரிக்காத மாணவர்களுக்குப் பின்னோக்கி நிறுத்தும் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்த வாரம் பெரியது வந்தது. பெட்டி பிரிக்கப்படுவதற்கு முன்பே மாஸ்டர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆய்வுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். 'ஹெர் தம்பி ஆய்வு' என்று ஹில்டெகார்ட் அம்மையார் குறித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புதுச் சாமானும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு இரவு இருக்கவேண்டும். பள்ளியின் கார்கள் எல்லாம் எலுமிச்சம்பழத்தை மிதித்துத்தான் முதல்முறை தெருவில் இறங்கின. இரண்டாவது காரின் சில்லு அப்போது தவறி மாஸ்டரின் செருப்பையும் மிதித்தது. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், வரி அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்பும் கணினி, எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம். ரெட் டாட்டுக்கு நெற்றி எது என்பதில் சுந்தரேஸ்வரிக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய வட்டமான கண்ணாடி. வடிவான இடம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று தாராளமாகவே வைத்தார்.

சனிக்கிழமை காலை மாஸ்டர் பலகணியில் நின்று கருவியைக் கண்ணில் வைத்து எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். புகைபோக்கி இருக்கவேண்டிய இடத்தில் உலகம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

"இஞ்சாரும், இதில என்ன செய்தனீர்?"

"பொட்டு வைச்சனான்."

"கண்ணாடியிலயோ?"

"பின்ன எங்க வைக்கிறது? சின்னதை வாங்கியிருந்தீங்கள் எண்டா வைக்க இடமே இருந்திராது. நீங்கள்தானே பெரிசு பெரிசு எண்டு நிண்டனீங்கள்."

சட்டை நுனியால் துடைத்தார். சந்தனம் போனது. புள்ளி தெரிந்தது. அதே தக்காளி. மறுபடி துடைத்தார். கைக்குட்டையால் துடைத்தார், காருக்கு வாங்கிய திரவம் போட்டுத் துடைத்தார். தக்காளி கழுவினாற்போல இன்னும் பளபளப்பாக ஆனது.

அந்த நேரம் பிறந்தநாள் விருந்து ஒன்றுக்கு ரோல்ஸ் எடுத்துப்போகக் கிருசாந்தி வந்திருந்தாள். மாஸ்டரிடம் கார் பழகியவள். நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் எனப்படும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்து அங்கேயே வேலை செய்தாள். தானும் கண்ணாடி போட்டிருந்தாள். அதனால் அந்த யன்னல் வகுப்பை மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்டவள்.

"என்ன மாஸ்டர், புகைபோக்கியைச் சுடப் போறீங்களோ?"

"சந்தனம் ஒட்டிப்போட்டுது, பிள்ளை. புள்ளி பூ மாதிரித் தெரியுது."

கிருசாந்தி வாங்கிப் பார்த்தாள். "எனக்கு வட்டமாத் தெரியுதே."

"அது உன்ர கண்ணாடி செய்யிற வேலை."

"ஓம் மாஸ்டர், அதுதான் அதின்ர வேலை." கருவியை அவள் மாஸ்டரின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். "இப்ப பாருங்கோ. நான் இதைச் சுத்துறன். பூவும் சேர்ந்து சுத்துதோ, அப்பிடியே நிக்குதோ?"

மாஸ்டர் பார்த்தார். கருவி சுற்றியது. பூ அப்படியே நின்றது.

"அப்பிடியே நிக்குது."

"அப்ப பூ கருவியில இல்ல. உங்கட கண்ணில. கருவிழி சரியான உருண்டையா இல்லாட்டி இப்பிடித்தான். ஒண்டும் பெரிய விசயமில்ல. கடைக்கு வாங்கோ, கண் சோதிக்க நேரம் குறிச்சு ஒரு ரேர்மின் போட்டு விடுறன்."

மாஸ்டர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, என்ர கண் பருத்தித்துறைக் கண். வள்ளம் ஒண்டு தூரத்தில வரேக்கையே ஓட்டி இடுப்பில என்ன நிறத்தில சாரம் கட்டியிருக்கிறான் எண்டு சொல்லுவன்."

"அவன் கிட்ட வந்தாப் பிறகு சரி பார்த்தனீங்களோ?"

மாஸ்டர் கருவியை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

"சரி, அதை விடுங்கோ. சிக்னல் எப்பிடித் தெரியுது?"

"சிவப்பாத் தெரியுது. காணும்தானே?"

சுந்தரேஸ்வரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுக்கிறவர்," என்று ரோல்ஸிடம் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் மாஸ்டர் ஆய்வு முடிவைச் சமர்ப்பித்தார். பெரியதில் புள்ளி மிகவும் பெரியதாகத் தெரிகிறது, ஆகவே இதுவே சிறந்தது. சந்திரமௌலி சின்னதுக்காக வரைபடங்களோடு வந்திருந்தான். மூன்று வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஹில்டெகார்ட் அம்மையார் இரண்டையும் வாங்கி, சங்கத்தின் இரண்டு துப்பாக்கிகளிலும் ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம், விரும்பியவர் விரும்பியதை எடுக்கட்டும் என்றார். எந்தக் கேள்வியைத் தீர்க்கக் குழு அமைக்கப்பட்டதோ அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழு கலைந்தது. அதற்காக அவர்களுக்குக் கைதட்டலும் கிடைத்தது.

பயிற்சி நாட்களில் மாஸ்டர் பெரியதைத் தவிர வேறொன்றைத் தொடவில்லை. தாளில் குண்டு பட்ட இடங்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் இருந்தன. சந்திரமௌலியின் குண்டுகள் அப்படியல்ல. ஒரே இடத்தில் குவியலாகப் பட்டன, இலக்கிலிருந்து ஒரு சாண் வலதுபுறம்.

"பையன் விசையை இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்து இழுக்கிறான்," என்றார் ஹில்டெகார்ட் அம்மையார்.

"ப்ரிசிஷன் இருக்கு. ஆக்யுரசிதான் இல்ல," என்றான் சந்திரமௌலி. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தவறு ஒரே மாதிரி நடந்தால் போதும்.

மாஸ்டர் அவன் தோளில் தட்டினார். "சின்ன ஓட்டை. நான் சொன்னனான்."

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகு கம்பத்தில் ஏறியது. மைதானத்தில் நீள பெஞ்சுகள், பீர், பேண்டு வாத்தியம். ஓர் ஓரத்தில் பிராங்பேர்ட் நாதஸ்வரக் கோஷ்டி வேட்டியோடு உட்கார்ந்து உருளைக்கிழங்குச் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் ஒன்று கூடுதலாகத் திறந்திருந்தது. சங்கிலிக்கு இடம்.

முதல் சுற்றுக்களில் எல்லோரும் உற்சாகமாகச் சுட்டார்கள். கழுகின் கிரீடத்துக்கு ஒரு போத்தல் மது, தலைக்கு ஒரு பன்றித்தொடை, சிறகுக்குச் சிறகு ஒரு கூடை பழம் என்று பரிசுகள் இருந்தன. அறுபத்தாறு வயதுச் சராசரிக் கண்கள் அவ்வளவையும் மத்தியானத்துக்குள் சுத்தமாக விழுத்தின. கம்பத்தில் நடு உடம்பு மட்டும் மிஞ்சியது. அதுவும் ஓர் ஆணியில் தொங்கியது. இனி யார் தட்டினாலும் ராஜா.

அந்தக் கணத்திலிருந்து சங்கத்தில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை.

ஏனென்றால் ராஜா என்பவர் ஒரு வருடம் ஊருக்குச் சோறு போடவேண்டும். சங்கத்துக்குப் பீர் ஊற்றவேண்டும். பக்கத்து ஊர்ச் சங்கங்களின் விழாக்கள் அனைத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து, சொற்பொழிவுகள் முடியும்வரை விழித்திருக்கவேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில்தான் அவர்கள் தவறவிடத் தொடங்குவார்கள். அதையும் கலையாகச் செய்வார்கள். ஹில்டெகார்ட் அம்மையார் எழுந்து, சின்னதை எடுத்து, நிதானமாக மூச்சை விட்டு, கழுகுக்கு ஒரு விரல் அகலம் தள்ளிச் சுட்டார். பதக்கம் வாங்கியவர் அல்லவா. காற்றுக்கு மட்டும்தான் வலித்திருக்கும். பெஞ்சுகளில் இருந்தவர்கள் 'அடடா' என்று வருந்தினார்கள். வருத்தத்திலும் ஒழுங்கு இருந்தது.

மாஸ்டரின் முறை வந்தது. பெரியதைத் தோளில் வைத்தார். பூ மலர்ந்தது. ஐந்து இதழ். கழுகு எந்த இதழுக்குப் பின்னால் இருக்கிறதென்று தெரியவில்லை. நடுவில் என்று ஊகித்துச் சுட்டார். குண்டு இரும்புப் பெட்டியின் மூலையில் மோதி மணியடித்தது. பெஞ்சுகள் மரியாதையாகத் தலையசைத்தன.

அடுத்த சுற்றில் இடது இதழால் சுட்டார். அதற்கடுத்ததில் வலது இதழால். ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் வேறொரு மூலை மணியடித்தது. நாலாவது சுற்றில் பொருளாளர் வந்து அவர் முதுகில் தட்டிக் காதோடு சொன்னார்: "ஹெர் தம்பி, நீங்கள் எங்களில் ஒருவர்." இருபது வருடமாக அந்த வாக்கியத்துக்குக் காத்திருந்த மாஸ்டருக்கு அது ஏன் சொல்லப்பட்டது என்று விளங்கவில்லை. இருந்தாலும் நன்றி சொன்னார்.

கிருசாந்தி ரோல்ஸ் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், ஒரு வழி இருக்கு. பேப்பர்த் துண்டு ஒண்டில ஊசியால ஓட்டை போட்டுத் தாறன். அதுக்குள்ளால பாருங்கோ. புள்ளி வட்டமா வரும். ஓட்டை எவ்வளவு சின்னனோ அவ்வளவு வடிவாத் தெரியும்."

மாஸ்டர் மைதானத்தைப் பார்த்தார். நாதஸ்வரக் கோஷ்டி, பிள்ளையார் கோயில் நிர்வாகத்தில் மூன்று பேர், ரொறன்ரோ மைத்துனரின் முகம் தெரியும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சுந்தரேஸ்வரி.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால நான் பேப்பர் ஓட்டையால பாக்கிறதோ? ரோல்ஸைக் குடு, பிள்ளை. ஆறுது."

ஆனால் ஐந்தாவது சுற்றும் போனபிறகு அவர் முகம் மாறியது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற சந்திரமௌலியிடம் போனார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார், திறந்தார்.

"தம்பி, உம்மட்ட ஒரு விசயம் கேக்கிறன்."

"சொல்லுங்க, மாஸ்டர்."

"உமக்கு முன்னால நிக்கிறவையெல்லாம் வயசுபோனவை, அவையளுக்குக் கண் தெரியேல்ல. நீர் இளம் பொடியன். தப்பித்தவறி உம்மட குண்டு பட்டுதெண்டா..." மாஸ்டர் கம்பத்தைப் பார்த்தார். "எனக்கு விட்டுத் தாரும். நான் இருபது வரிசமா ரோல்ஸ் காவுறன்."

அவர் கேலி இல்லாமல் பேசிச் சந்திரமௌலி அன்றுதான் முதல்முறை கேட்டான். அவன் இதுவரை கழுகின் நடுவைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காகக் குறிபார்த்தான். அதனால்தான் அவன் குண்டு கழுகைத் தொடவே இல்லை.

"கண்டிப்பா, அண்ணா," என்றான். மாஸ்டர் திருத்தவில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சின்னதைத் தோளில் வைத்தான். வட்டமான புள்ளி தெளிவாக வந்து நின்றது. கழுகின்மேல் வைத்துப் பார்த்தான். பின்பு நன்றியும் மரியாதையும் நிறைந்த மனதோடு, கழுகிலிருந்து சரியாக ஒரு சாண் இடதுபுறம் நகர்த்தி, விசையை இழுத்தான். வழக்கம்போலத் துப்பாக்கியையும் சேர்த்து.

மரக்கழுகு ஆணியிலிருந்து கழன்று, ஒரு தடவை கரணம் போட்டு, புல்லில் விழுந்தது.

நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் நிம்மதி வந்தது. அந்த ஓசையில் பேண்டு வாசிக்கத் தொடங்கியது. நாதஸ்வரக் கோஷ்டிக்கு யார் ராஜா என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் சாலட்டை வைத்துவிட்டுத் தொடங்கினார்கள். மாதம் முழுவதும் நூடுல்ஸ் சாப்பிடும் சந்திரமௌலியின் கழுத்தில் ஊருக்குச் சோறு போடும் சங்கிலி விழுந்தது. ராணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவனுக்குச் சங்கத்தில் பெயர் தெரிந்த ஒரே பெண் ஹில்டெகார்ட் அம்மையார்தான்.

"நீ வலதுபக்கம் இழுப்பாய் என்று எத்தனை தடவை சொன்னேன்," என்றார் ராணி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு.

மாஸ்டர் கம்பத்தடியில் நின்றார். பொருளாளர் மறுபடி வந்தார். பின்னாலேயே சங்கத் தலைவரும் வந்தார். இவ்வளவு தந்திரமாக, ஒவ்வொரு தடவையும் வேறொரு மூலையில் தவறவிடும் திறமையை இந்தச் சங்கம் கண்டதில்லை என்றார்கள். தாங்கள் ஒரு விரல் தள்ளிச் சுடுவதுதான் கலை என்று நினைத்திருந்தார்களாம். கழுகே எங்கிருக்கிறதென்று தெரியாதவர் மாதிரிச் சுடுவது மேதைமையாம். எதற்காகத் தவறவிடவேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்போதுதான் மாஸ்டருக்கு, சோறு, பீர், சொற்பொழிவு எல்லாம் வரிசையாக விளங்கின.

அவர் முன்னால் இரண்டு வழிகள். கண் தெரியாமல் தவறவிட்டேன் என்று சொல்லலாம். அல்லது சிரிக்கலாம். மாஸ்டர் சிரித்தார்.

கைபேசியில் மைத்துனர் என்ன நடந்தது என்று கேட்டபோது, "பொடியனுக்கு விட்டுக் குடுத்தனான்," என்றார். "வளர வேண்டிய பிள்ளையள்."

சுந்தரேஸ்வரி ரோல்ஸ் தட்டை அவர் கையில் வைத்தார். ராஜாவும் ராணியும் ஊருக்குள் நடந்தபோது, பேண்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவில், மாஸ்டர் தட்டோடு நடந்தார். வழியெல்லாம் சனங்கள் அவரை 'ஹெர் தம்பி' என்று கூப்பிட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேறு வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரத்தில், கதவு திறந்தது.

"காருக்குக் கண்ணாடி துடைக்கிற துணி இருக்கோ?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இருக்கு," என்றாள் கிருசாந்தி. "இருங்கோ."

அவர் இருந்த கதிரை கண் பரிசோதிக்கும் கதிரையாக இருந்தது. அதை அவர் கவனிக்காதமாதிரி இருந்தார். அவளும் கவனிக்காதமாதிரி வெளிச்சத்தைக் குறைத்தாள். எதிரே எழுத்துப் பலகை. மேல்வரிசை தெரிந்தது. மூன்றாவது வரிசையில் எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கின. கிருசாந்தி கறுப்பு மூடியொன்றை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை.

மாஸ்டர் அதற்குள்ளால் பார்த்தார். கீழ்வரிசைவரை வாசித்தார். அதற்குக் கீழே பலகையைச் செய்த கம்பனியின் விலாசத்தையும் வாசித்தார். பிறகு மூடியை அவள் கையிலிருந்து தானே வாங்கி, கடையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எதிர்க்கடைப் பேக்கரியில் பாணின் விலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சாவித்துவாரம் மாதிரி இருக்குதோ மாஸ்டர்?"

"கதையாதை, பிள்ளை. எழுது."

அவள் எழுதினாள். பிறகு பிரேம்கள் இருந்த தட்டை முன்னால் இழுத்தாள். கன்னம் முழுவதையும் மூடும் அகலமான கறுப்பு பிரேம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இது உங்களுக்கு வடிவா இருக்கும். பெரிசு. பார்வைக்கு நல்ல அகலம்."

மாஸ்டர் கதவுப்பக்கம் ஒருதடவை பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது.

"சின்னனா ஒண்டு காட்டு," என்றார். "இருக்கிறதே தெரியக்கூடாது."

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தார். காருக்குள்ளே இருந்த கண்ணாடியைப் பார்த்தார், வெளியே இரண்டையும் பார்த்தார். தெரிந்தவர் யாரும் தெருவில் இல்லை. விளிம்பே இல்லாத, தபால்தலையைவிடக் கொஞ்சம் அகலமான நாலாவதை மூக்கில் மாட்டினார். சந்தியில் சிக்னல் சிவப்பாக எரிந்தது. வட்டமாக எரிந்தது. பச்சை விழுந்த பிறகும் மாஸ்டர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார்.